உப்பளத்துக்காரர் மகள் கண்ட மேகம்

மே 6, செவ்வாய்

ஹென்ரிக்கிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால்தான் அலமாரியில் சும்மா கிடந்த இந்த டைரியை எடுத்திருக்கிறேன். கூட வேலை பார்க்கிற குளோரியக்காவிடம் கத்துவதைவிட இது மேல். டைரி திருப்பிக் கத்தாது.

கடிதம் மரியாதையாகத்தான் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல். நம் பால்வீதியைச் சுற்றிச் சின்னச் சின்ன ஹைட்ரஜன் மேகங்கள் திரிகின்றன. விண்மீனாகவும் ஆகாமல், கலைந்தும் போகாமல், தனியாக அலைகிற வாயுக் கூட்டங்கள். அவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் கொண்டுவருவது ஹென்ரிக்கின் குழுவுடைய வேலை. நான் சனவரியில் கண்டுபிடித்து ஏப்ரலில் கட்டுரையாக வெளியிட்ட மேகத்தை அதில் சேர்க்க அவருக்குத் தயக்கமாம். அந்த மேகத்தின் ரேடியோ முனகல் என் பதிவில் விழுகிற கோடு மிகவும் ஒல்லியாக இருக்கிறது. இயந்திரங்கள் எழுப்புகிற ரேடியோ இரைச்சல்தான் பெரும்பாலும் அப்படி இருக்கும் என்கிறார். அதோடு நான் எடுத்த பதிவுகள் எல்லாம் ஒரே வாரத்தில் எடுத்தவை. “வேறொரு பருவத்தில் மறுபடியும் பார்த்தீர்களா?” என்று கேட்கிறார்.

பார்க்கவில்லை ஐயா. எப்படிப் பார்ப்பேன்? பிப்ரவரியிலிருந்து எங்கள் ரேடியோ தொலைநோக்கியின் தட்டைச் சுற்றிச் சாரம் கட்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவருடைய தட்டு எங்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் வடக்கே எங்கேயோ இருக்கிறது. என் மேகம் தெற்கு வானத்தில் தாழ்வாக இருப்பதால் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆக, இருக்கிறதா இல்லையா என்று நான்தான் சொல்ல வேண்டும். ஜூலைக் கடைசிவரை பொறுப்பாராம். அதற்குள் பதில் இல்லையென்றால் ‘சந்தேகத்துக்குரியவை’ என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுவார்.

அப்படிப் போட்டால் கட்டுரையை நானே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். செப்டம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தர வேலை கொடுங்கள் என்று கேட்பதற்கு என் கையில் அந்த ஒரு மேகம்தான் இருக்கிறது.

இட்லி மாவு இன்றும் புளிக்கவில்லை. இந்த ஏரிக்காட்டு மலைக் குளிரில் எது புளிக்கும்?

மே 9, வெள்ளி

அப்பா பேசினார். வளாகத்துக்குள் செல்போன் கூடாது. கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் அதன் சத்தமே தொலைநோக்கியின் காதை அடைத்துவிடும். ஆகவே வீட்டிலிருந்து யார் பேசினாலும் மெஸ்ஸில் இருக்கிற தொலைபேசிக்குத்தான் வர வேண்டும். சாப்பிடுகிற எல்லோருக்கும் கேட்கும்.

“என்னட்டி, மேகம் எப்படி இருக்கு?”

சம்பந்தி வீட்டில் கட்டிக்கொடுத்த மகளை விசாரிக்கிற மாதிரி, எப்போது பேசினாலும் இதுதான் முதல் கேள்வி. அப்பாவுக்குத் தூத்துக்குடியில் குத்தகை உப்பளம். மேகம் என்றாலே ஆகாத ஆள். வானத்தில் ஒரு பொட்டுக் கறுப்பு தெரிந்தாலும் சோறு இறங்காது. அப்படிப்பட்டவர், மகள் மேகம் கண்டுபிடித்தாள் என்று பேப்பரில் வந்த துண்டுச் செய்தியை லேமினேட் செய்து டீக்கடையில் மாட்டியிருக்கிறார். ‘உப்பளத்துக்காரன் மவ மேகத்தையா கண்டுபிடிக்கணும்? வேற ஒண்ணும் ஆப்புடலயா?’ என்று ஊரே சிரித்ததாம். இவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

“நல்லா இருக்குப்பா” என்றேன்.

“ராத்திரி முழிச்சு ஒடம்பக் கெடுத்துக்காத.”

“அப்பா, எத்தன தடவ சொல்லிருக்கேன். இது ரேடியோ. பகல்லயும் கேக்கலாம்.”

“சரி சரி. அதுக்காவ வெயில்ல நிக்காத.”

இங்கே எங்கே வெயில்? அங்கே உப்பு எப்படி என்று கேட்டேன். கோடை மழையில் கரைந்த பாத்திகளைத் திரும்பவும் செப்பனிட்டுவிட்டாராம். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ஹென்ரிக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, இன்னும் ஒன்றும் முடிவாகவில்லையே.

மே 18, ஞாயிறு

குளோரியக்காதான் எங்கள் ரிசீவர் பொறியாளர். பாளையங்கோட்டைக்காரி. வானத்திலிருந்து வருகிற முனகலைக் கோடாக மாற்றித் தருகிற பெட்டிகள் எல்லாம் அவள் பொறுப்பு. என்னைவிட எட்டு வயது மூத்தவள், என்னைவிட எட்டு மடங்கு வாய்.

“ஏட்டி இசக்கி, கோவிச்சுக்காத. அது மேகம் இல்ல. நம்ம வளாகத்துலயே ஏதோ ஒரு சனியன் கத்துது. வா, தேடுவோம்” என்றாள்.

கையில் பழைய டிவி ஆண்டெனா மாதிரி ஒன்றை அவள் பிடித்துக்கொள்ள, அளவுப்பெட்டியை நான் தோளில் தூக்கிக்கொள்ள, விடுமுறை நாளும் அதுவுமாக வளாகம் முழுக்கச் சுற்றினோம். அலுவலகம், மெஸ், பம்ப் ஷெட், யாருமில்லாத விருந்தினர் விடுதி. எல்லாம் சுத்தம். கேட்டுக்கு உள்பக்கம் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்கு வந்ததும் பெட்டி கூவ ஆரம்பித்தது. பிள்ளையார் தலைக்குப் பின்னால் வண்ண வண்ணமாகச் சுற்றுகிற விளக்குச் சக்கரம்! பொங்கலுக்கு வாங்கி மாட்டினாராம் காவலர் மாரப்பன். அது எழுப்புகிற இரைச்சல் கிட்டத்தட்ட என் மேகத்தின் அலைவரிசையிலேயே இருந்தது.

நான் பதிவெடுத்தது பொங்கலுக்கு அடுத்த வாரம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேள்விப்பட்டிருக்கிறேன். மேகம் பிடிக்கப் போய்ப் பிள்ளையாரைப் பிடித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாரப்பன் முகம் தொங்கிப்போய்விட்டது. “புள்ளயாரு உங்களுக்கு என்னங்க மேடம் பண்ணுனாரு?” என்றார். இனிமேல் அகல் விளக்குதான் என்று குளோரியக்கா சொல்லிவிட்டு, சக்கரத்தைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்தாள். போகும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சர்ச்சுக்குப் போகிறவள்!

ஜூன் 3, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. சாரம் அப்படியே நிற்கிறது. தலைக்குக் குளித்தேன், ஜலதோஷம்.

ஜூன் 14, சனி

நிலையத் தலைவர் கோதண்டம் சாரிடம் போய் நின்றேன். தட்டு எப்போது தயாராகும் என்று கேட்டதற்கு, வாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு “பாக்கலாம்மா” என்றார். இந்த மனிதர் எதற்கும் ‘பாக்கலாம்’ என்பதைத் தவிர வேறு சொல்லி நான் கேட்டதில்லை. கூரை எரிந்தாலும் பார்க்கலாம் என்பார்.

கிடைக்கப்போவது என்ன மாதிரி விடை என்று இன்றைக்கே தெளிவாக எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு மனசு ஏமாற்றாமல் இருக்க. பூமி சூரியனைச் சுற்றி ஓடுகிறது. சனவரியில் அது என் மேகத்தைவிட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தது. ஜூலையில் அதை நோக்கி ஓடும். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் சத்தம் தாழ்ந்துவிடும் அல்லவா, அதே கணக்குத்தான். நிஜமாகவே வானத்து மேகம் என்றால் சனவரியில் இருந்த இடத்திலிருந்து கோடு ஜூலையில் நகர்ந்திருக்க வேண்டும். கோடு காணாமலே போயிருந்தால், அது பிள்ளையாரின் வேலை. அதே இடத்தில் அசையாமல் நின்றால், வளாகத்திலேயே வேறு ஏதோ இயந்திரம். நம்மோடு சேர்ந்தே பூமியில் ஓடுகிற பொருளுக்குச் சுருதி மாறாது.

நகர்ந்தால் நான் பிழைத்தேன். இவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

குளோரியக்காவோடு சண்டை. கோதண்டம் சார் முன்னாலேயே, “ஒரே வாரத்துப் பதிவ வச்சு இவ கட்டுர எழுதிருக்கப்படாது சார். அவசரம்” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது சரிதான். சரியாக இருப்பதனால் யார் வேண்டுமானாலும் யார் முன்னாலும் சொல்லிவிடலாமா? “உங்க பெட்டி ஒழுங்கா இருந்தா எனக்கு ஏன் இந்தக் கதி?” என்று நானும் கேட்டுவிட்டேன். இரண்டு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. மெஸ்ஸில் அவள் வடக்கு மூலை, நான் தெற்கு மூலை.

அப்பா இரண்டு முறை கூப்பிட்டாராம். நான் தட்டுப் பக்கம் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

ஜூலை 3, வியாழன்

சாரத்தைப் பிரித்துவிட்டார்கள்! வெள்ளை வெளேரென்று, கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு அடித்த வீடு மாதிரி நிற்கிறது என் தட்டு. பின்னாலேயே தென்மேற்குச் சாரலும் வந்துவிட்டது. பெய்யட்டும். இந்த மேகம் எதுவும் ஹைட்ரஜனின் குரலை மறைக்காது.

பழுதுபார்த்த நேரத்தில் கணினியில் மென்பொருளையும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். குளோரியக்கா ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில், பையும் கையுமாக என் அறை வாசலில் வந்து நின்றாள். அக்கா மகளுக்குக் கல்யாணம்.

“ஏட்டி, புதுசுல ஒரு விசயம் இருக்கு, கேட்டுக்கோ. பூமி ஓடுதுல்லா, அதப் பத்தி...”

“தெரியும்” என்றேன், தலையைத் தூக்காமல். பூமி ஓடுவதை எனக்கு இவள் வந்து சொல்லித்தர வேண்டுமா?

“தெரியுமா? சரி, தெரிஞ்சாச் சரிதான்” என்று போய்விட்டாள். போனவள் திரும்பி வந்து ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஊறுகாய் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

நாளை காலை என் முறை. விடியும்போது மேகம் இருக்கிற வானப்பகுதி நன்றாக மேலே ஏறியிருக்கும். இரண்டு ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டேன், ஒன்றுகூடக் காயவில்லை. மாரப்பனிடம் சொல்லி அகலில் எண்ணெய் ஊற்றச் சொன்னேன். நான் சாமி கும்பிடுகிறவள் இல்லை. விளக்கு அணைந்துபோனால் அவர் மனசு கஷ்டப்படும், அதற்காகச் சொன்னேன்.

ஜூலை 9, புதன்

அதே இடம்.

ஜூலை 10, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

கோடு வந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு பதிவு சேரச் சேர நன்றாக நிமிர்ந்து நின்றது. ஆக, பிள்ளையார் நிரபராதி. அந்த நிமிஷம் மட்டும் சந்தோஷமாக இருந்தேன். பிறகு சனவரிப் பதிவைப் புது மென்பொருளில் திறந்து, இதன்மேல் அதை வைத்துப் பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தது. ஒரு மயிரிழைகூட நகரவில்லை. இன்று காலையும் எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான்.

ஆறு மாதத்தில் பூமி சூரியனுக்கு அந்தப் பக்கமே போய்விட்டது. கோடு அசையவில்லை. எங்கேயோ ஒரு பம்ப், ஒரு பேட்டரி, எவனோ ஒருவனுடைய கடிகாரம். அதை நான் மேகம் என்று உலகத்துக்கே சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கடிதம் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று நான்கு வரி. நிலையத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் கோதண்டம் சார் கையில் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னிக்கே அனுப்பிடுங்க சார்” என்றேன்.

“பாக்கலாம்மா.”

“சார், இதுல பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல!” என்று கத்தியே விட்டேன். அவர் எழுந்து வந்து, எனக்கு ஒரு கிராம்பு கொடுத்தார். வாங்கி மென்றேன். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது.

ஜூலை 11, வெள்ளி

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நானேதான் கூப்பிட்டேன். மெஸ்ஸில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

“என்னட்டி, மேகம் எப்படி இருக்கு?”

“அப்பா, மேகம் இல்லப்பா.”

“எங்க போச்சு?”

“எங்கயும் போவல. மொதல்லயே இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இங்க ஏதோ மிஷின் போட்ட சத்தத்த மேகம்னு நெனச்சுட்டேன். எழுதினதெல்லாம் வாபஸ் வாங்கியாச்சு. வேலையும் நெலைக்காதுன்னு நெனைக்கேன்.”

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. உப்பளத்தில் எப்போதும் காற்று. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏ புள்ள” என்றார் அப்பா. “மேகம் இல்லன்னா நமக்கு நல்லதுதான? உப்பளத்துக்காரனுக்கு மேகம் இல்லாத நாளுதான் நல்ல நாளு. இதுக்குப் போயி அழுவாங்களா?”

“நான் அழலப்பா.”

“சரி, அழல. சாப்ட்டியா?”

“ம்.”

“பாத்தியில மழ விழுந்தா என்ன செய்வோம்? கெட்ட தண்ணிய வெளிய விட்டுட்டு மறுபடியும் கட்டுவோம். அவ்வளவுதான. வேல போனா ஊருக்கு வா. ரெண்டு நாளு ஒறங்கு. பெறவு யோசிப்போம்.”

நான் பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டு மாதமாக எதற்குப் பயந்தேன் என்றே தெரியவில்லை. போனை வைத்த பிறகு நாலு இட்லி சாப்பிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா பேசினாள். அப்பா அன்றைக்கே நேராக டீக்கடைக்குப் போய், லேமினேட் செய்த பேப்பரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாராம். யாரும் கேட்பதற்கு முன்னால் இவரே எல்லோரிடமும், “மேகம் இல்லையாம்யா. எம்மவ மறுபடியும் பாத்து, இல்லன்னு அவளே சொல்லிட்டா. எவன் சொல்லுவான் அப்பிடி?” என்று சொல்லிவிட்டு வந்தாராம். கேலி செய்ய வாயெடுத்த ஒருவனிடம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனாராம்.

“மனுசனுக்கு இந்த வயசுல எதுக்குட்டி சண்ட?” என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன், அறையைப் பெருக்கினேன், நகம் வெட்டினேன்.

ஜூலை 14, திங்கள்

கடவுளே! எங்கிருந்து ஆரம்பிப்பது!

காலையில் குளோரியக்கா வந்து சேர்ந்தாள். கல்யாணக் களை, கையில் மருதாணி, பை நிறைய முறுக்கு. என் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

“ஏட்டி, என்ன, எழவு விழுந்த துட்டி வீடு மாதிரி உக்காந்திருக்க? கோவம் இன்னும் தீரலயா?”

கோபமெல்லாம் எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். கோடு வந்தது, சனவரிப் பதிவின்மேல் அச்சாக உட்கார்ந்தது, கடிதம் கொடுத்தது, அப்பாவிடம் சொன்னது. “நீங்க சொன்னதுதான் சரி யக்கா. வளாகத்து இரைச்சல்தான்” என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

அவள் முறுக்கை வாயில் வைத்தவள் கடிக்காமலே நின்றாள்.

“இரு. எதுல வச்சுப் பாத்த?”

“புதுசுலதான்.”

“ரெண்டையுமா?”

“ரெண்டையும்தான்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, கட்டிலில் உட்கார்ந்து, நெஞ்சைத் தட்டிக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த முறுக்குப் பையாலேயே அடித்திருப்பேன்.

“ஏ கூறுகெட்டவளே! புதுசு பூமியோட ஓட்டத்த அதுவே கழிச்சுட்டுத்தான கோட்டப் போடும்! பழசுலதான் நீ கையால கணக்குப் போடணும். அன்னைக்கு வாசல்ல நின்னு அதச் சொல்லத்தான வந்தேன்? தெரியும் தெரியும்னு வெரட்டிவிட்ட!”

பூமியின் ஓட்டத்தை ஏற்கெனவே கழித்துவிட்டது என்றால், நகர வேண்டியது மேகம் இல்லை, இரைச்சல்தான். வானத்துப் பொருள் அசையக் கூடாது. அசையாமல் அதே இடத்தில் நிற்பது எதுவோ அதுதான் நிஜம்.

ஐந்து நாளாக நான் துக்கம் கொண்டாடியது, எனக்குக் கிடைத்த நல்ல செய்திக்கு.

“பழசுல போட்டுப் பாப்போம் யக்கா” என்றேன். இருவரும் மழையில் குடைகூட எடுக்காமல் ஓடினோம். பூமியைக் கழிக்காத மூலப் பதிவுகளை அவள் திறந்தாள். சனவரிக் கோடு ஒரு இடத்தில் நின்றது. ஜூலைக் கோடு தள்ளி, அழகாக, தனியாக நின்றது. எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவள் திரையில் அளந்து சொன்னாள். இரண்டும் ஒன்று.

குளோரியக்கா என் தலையைப் பிடித்து உச்சியில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டாள். “பெட்டி ஒழுங்கா இருந்தான்னு கேட்டியே ஒரு கேள்வி. இப்பச் சொல்லு, எம்பெட்டி ஒழுங்கா இல்லையா?” என்றாள். ஒழுங்குதான் தாயே, ஒழுங்குதான்.

அப்போதுதான் கடிதம் ஞாபகம் வந்தது. வாபஸ் கடிதம்! நான்கு நாள் ஆகிவிட்டது. ஹென்ரிக் படித்திருப்பார், பத்திரிகைக்காரர்கள் படித்திருப்பார்கள். ஈரத் துணியோடு கோதண்டம் சார் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்க நின்று, “சார், அந்தக் கடிதம்... போயிடுச்சா?” என்றேன்.

அவர் நிதானமாக இழுப்பறையைத் திறந்தார். என் கடிதம் மேலாகவே கிடந்தது, கிராம்பு டப்பாவுக்கு அடியில்.

“பாக்கலாம்னு வச்சிருந்தேம்மா. குளோரி வரட்டும், அவ ஒரு தடவ பாக்கட்டும்னு” என்றார்.

வயிற்றில் பால் வார்த்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. மூன்று வருடமாக இந்த மனிதரின் ‘பாக்கலாம்’ ஒவ்வொன்றுக்கும் நான் மனதுக்குள் போட்ட திட்டுகளை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் காலில் விழுந்திருப்பேன். கதவுக்கு வெளியே குளோரியக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் விழவில்லை.

சாயங்காலமே ஹென்ரிக்குக்கு இரண்டு பதிவுகளையும் அனுப்பிவிட்டேன். மாரப்பனிடம் விஷயத்தைச் சொன்னேன். “நாந்தான் அப்பவே சொன்னனுங்களே மேடம், புள்ளயாரு மேல ஒரு தப்பும் இல்லைங்கன்னு” என்றார். சக்கரத்தைத் திரும்பவும் மாட்டலாமா என்று கேட்டார். கூடாது என்று நானும் குளோரியக்காவும் ஒரே குரலில் சொன்னோம்.

ஜூலை 15, செவ்வாய்

ஹென்ரிக்கின் பதில் விடியும் முன்பே வந்து கிடந்தது. ஒரே வரி. ‘மகிழ்ச்சி, சந்தேகமில்லாதவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.’ நல்ல மனுஷன். நான்தான் சும்மா அவரைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன்.

மெஸ்ஸில் எல்லோரும் காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இருக்கட்டும், கேட்கட்டும் என்று எல்லோர் முன்னாலும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

“என்னட்டி, காலங்காத்தால?”

“அப்பா, மேகம் இருக்கு!”

“எங்க? இங்கன வானம் வெளுத்துல்லா கெடக்கு?”

“அந்த மேகம் இல்லப்பா. எம்மேகம்! இருக்கு! நான்தான் தப்பாப் பாத்துட்டேன். இல்லன்னு சொன்னதுதான் தப்பு.”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏட்டி, வெளையாடுதியா? இப்பத்தான எல்லாருட்டயும் போயி இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்! ஒருத்தன்கூடச் சண்ட வேற போட்டுருக்கேன். இப்ப மறுபடியும் போயி இருக்குன்னா எவன் நம்புவான்? ஒரு மனுசன எத்தன தடவ அந்த டீக்கடைக்கு நடக்க வைப்ப?”

நான் சிரித்துக்கொண்டே அழுதேன். இந்த முறை கிராம்பு எதுவும் மெல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். குளோரியக்கா தட்டில் பொங்கலை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று ரிசீவரில் காதை ஒட்டினாள்.

திடீரென்று அப்பாவின் குரல் நின்றுபோனது. அம்மா வாங்கிப் பேசினாள். அப்பாவுக்குக் காலைச் சோறு கொண்டுபோயிருக்கிறாள் போல.

“என்னட்டி சொன்ன அவருட்ட? துண்ட வச்சு மொகத்த மூடிக்கிட்டு நிக்காரு. கேட்டா உப்புக் காத்துங்காரு.”

“ஒண்ணும் இல்லம்மா. நல்ல சேதிதான்.”

போனைப் பிடுங்குகிற சத்தம். அப்பா ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்தப் பேப்பர நான் கிழிக்கலட்டி. பெட்டிக்குள்ளதான் வச்சிருக்கேன்.”

“சரிப்பா.”

“இந்தத் தடவ நல்லாப் பாத்துட்டீல்லா?”

“பாத்துட்டேன்பா. குளோரியக்காவும் பாத்துட்டா.”

“நம்ம பக்கம்தான் வருதுன்னு பேப்பர்ல போட்டுருந்தான.”

“ஆமாப்பா. வந்து சேர லெச்சக்கணக்கான வருசம் ஆவும்.”

அப்பா யோசித்தார். உப்பளத்தில் இருந்துகொண்டு வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்திருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

“மழ பெய்யாதுல்லா?”

“பெய்யாதுப்பா.”

“அப்ப இருந்துட்டுப் போவுது” என்றார் அப்பா. “வை. நான் கடைக்குப் போயிட்டு வாரேன்.”